அப்பாவின் பல் பதிந்த பைப்

அல்வர்ஸ்டன், டாஸ்மேனியா
மே 4

அன்புள்ள தம்பி ரெக்ஸுக்கு,

அக்கா கிளெனிஸ் எழுதுவது. குளிரையும் உன் அத்தானையும் தவிர இங்கே எனக்கு வேறு தொந்தரவு இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? அறுபது வயதிலும் ஓப்பல் கல் தேடிக் குழிக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாயா? போனில் கேட்டால் "ம்" என்று ஒரு சத்தம், அடுத்த நிமிடம் வைத்துவிடுகிறாய். காகிதத்தில் கேட்டால் பதில் எழுதித்தானே ஆகவேண்டும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது, இப்போதுதான் உன்னிடமிருந்து ஒரு கடிதம். வீட்டில் எனக்கு எதுவும் வேண்டாம், லாரி வேண்டாம், சுவர்க் கடிகாரம் வேண்டாம், அப்பாவின் புகைக்குழாய் ஒன்று போதும் என்று எழுதியிருக்கிறாய். துடைக்காதே, கழுவாதே, எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு என்று இரண்டு முறை அடிக்கோடு வேறு. நான் என்ன சின்னப் பிள்ளையா? அப்பா கடைசியாக வைத்த இடத்தில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் புகையிலையை நிறுத்தச் சொன்ன பிறகும் பதினெட்டு வருடம் அந்த வெறும் பைப்பைக் கடித்துக்கொண்டே இருந்தார் மனுஷன். பைப்பை எடுக்காமலே பேசுவார், பாதி வார்த்தை வெளியே வரும், பாதி வராது. புரியவில்லை என்றால் நமக்குத்தான் திட்டு.

அனுப்பி வைக்கிறேன். அடக்கத்துக்கு வர முடியாதவருக்குப் பைப்பை மட்டும் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். உங்கள் பக்கம் மழையில் சாலையை மூடிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பைப் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. உன் அத்தான் நெவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரட்டும் என்று விட்டிருக்கலாம். நான்தான் கூறுகெட்டுப்போய், வீட்டில் காலைச் சுற்றாதீர்கள், ஊரில் ரிட்டயரான ஆம்பளைகள் கூடித் தச்சுவேலை செய்கிற கொட்டகைக்குப் போங்கள் என்று அனுப்பினேன். அங்கே டெஸ்ஸி என்று ஒருவர், பழைய தபால்காரர். அவர் ஒரு பழைய பைப்பைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி இவர் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது சனி.

இத்தனைக்கும் இவர் வாழ்நாளில் ஒரு முறை புகை பிடித்தவர் இல்லை. அடுத்த வீட்டில் இலையைக் கொளுத்தினாலே இருமுகிற ஆள்.

வில்மட் பக்கம் ஒரு பண்ணையை மூடுகிறார்கள், சாமான்களையெல்லாம் புல்வெளியில் வரிசையாகப் பரப்பி ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் தெரியுமே, தனிச் சாமான் கிடையாது, பெட்டியோடுதான் எடுக்கவேண்டும். ஒரு பெட்டியில் பதினோரு பைப், கூடவே நாலு முயல் பொறி, துருப்பிடித்த கதவுக் கைப்பிடிகள், ஆட்டுக்கு அடையாளம் போடுகிற நீலச் சாயம் அரை டப்பா. வேறு எவனும் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் கையைத் தூக்கினார். வேறு யாரும் விலை கேட்கவில்லை. மறுபடியும் தூக்கினார். ஏலக்காரர் வேலிப் பக்கம் கேட்கிற மாதிரி, "அண்ணே, உங்களோட நீங்களே போட்டி போடுறீங்க, கையை இறக்குங்க, எனக்கே பாவமா இருக்கு" என்று சொல்ல, மொத்தப் புல்வெளியும் சிரித்தது. நான் வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து டெஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பதினொன்றில் இரண்டு, பிள்ளைகள் சோப்புக் குமிழி ஊதுகிற பிளாஸ்டிக். "நெவில், இதுல நுரைதான் வரும், புகை வராதுடா" என்றார் டெஸ்ஸி, சிரிக்காமல்.

மிச்சம் ஒன்பது. முதல் பைப்பை, பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டார். மரம் ஊதி, காய்ந்ததும் நெடுக விரிசல் விட்டுவிட்டது. அடுத்ததில் வாயில் வைக்கிற தண்டு கிண்ணத்தோடு இறுகிப்போயிருந்தது. மெதுவாக, மெதுவாக என்று டெஸ்ஸி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் ஒரு முறுக்கு முறுக்கினார். படக்கென்று முறிந்தது. அதிலிருந்து, இறுகினதையெல்லாம் குளிரில் வைத்தால் இளகும் என்று என் ஃப்ரீசரில் வைக்கிறார். பட்டாணி எடுக்கப் போனால் கையில் பைப் வருகிறது. உள்ளே ஊறின புகையிலை நாற்றத்தை இழுக்கக் கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராயம் ஊற்றவேண்டுமாம், கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த என் ஜின் பாட்டிலில் பாதி அதில் போயிற்று. தண்டு பழசானால் பாசி மாதிரி பச்சையாகும், அதைத் துணி வெளுக்கிற தூளில் ஊறவைப்பார், அப்போது கிளம்புகிற கூமுட்டை நாற்றம் இருக்கிறதே, துவைக்கிற அறைக்குள் மூக்கைப் பிடிக்காமல் போக முடியாது. மரத்தில் அடிபட்ட பள்ளத்தை எழுப்ப ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டார். யாருடைய இஸ்திரிப் பெட்டி? என்னுடையதுதான்.

ஒரு காரியத்தையாவது முழுசாக முடித்தால் மன்னிக்கலாம். எல்லாம் அரைகுறை. ஒன்று பளபளப்பாக இருந்தால் தண்டு சேராது, தண்டு சேர்ந்தால் கிண்ணம் ஆடும்.

சரி, விடு. நல்ல அட்டைப்பெட்டி கிடைத்ததும் அப்பாவின் பைப்பைக் கட்டி அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. டின் சாப்பாட்டையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் அக்கா கிளெனிஸ்


அல்வர்ஸ்டன்
ஜூன் 9

அன்புள்ள ரெக்ஸ்,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் அப்பாவின் பைப்பைச் சுத்தம் செய்துவிட்டார்.

சனிக்கிழமை மாதா கோவிலில் கேக் விற்பனை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணை மூடும்மா" என்றார். மறுபடி ஏதோ ஒரு முயல் பொறிதான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு பைப். மேலே மெழுகு போட்டு, புது பூட்ஸ் மாதிரி மின்னுகிறது. யாருடையது என்று எனக்கு முதலில் தெரியவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ரெக்ஸ். அறுபத்தாறு வருடம் பார்த்த பைப்பை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கிண்ணத்தின் உள்ளே இருந்த கரியையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். உப்பும் ஜின்னும் ஊற்றி நாற்றம் போக்கிவிட்டார். அப்பாவின் சட்டைப் பையில், லாரியில், போர்வையில் எல்லாம் வருமே, அந்த வாசனை. மூக்கில் வைத்துப் பார்த்தேன், மெழுகு வாசனைதான் வருகிறது. தண்டில் அப்பா மாட்டியிருந்த லாரி டியூப் ரப்பர் உனக்கு நினைவிருக்கும், அதை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டார். தண்டு முழுக்க அப்பாவின் பல் தடம். லைட்டரால் சூடு காட்டினால் அந்தக் கெட்டி ரப்பர் பழைய உருவத்துக்கே திரும்பிவிடுமாம், பல் பதிந்த பள்ளமெல்லாம் தானாக மேலே எழும்பி வந்துவிடுமாம். பெருமையாக விளக்கம் சொல்கிறார் என்னிடம்! எழும்பாததைக் கருப்புப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார்.

மற்ற ஒன்பதையும் கெடுத்தவர், இதை மட்டும் ஒழுங்காக முடித்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் ஒழுங்காக முடித்த முதல் பைப் இதுதான்.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. "மச்சானுக்குக் குப்பை மாதிரி அனுப்பக்கூடாதேன்னுதான்மா பார்த்தேன்" என்றார். சொல்லிவிட்டு மெழுகு டப்பாவை மூடி வைக்கப் போய்விட்டார். அப்பா பொருளைத் தொடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே? பதினொரு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவள் நான், எனக்கும்தான் அந்த வாசனை வேண்டியிருந்தது.

உனக்கு என்ன சமாதானம் சொல்வேன்? திட்டவேண்டும் என்றால் அவருக்கே எழுது. நான் தடுக்கமாட்டேன்.

மனம் சரியில்லை, இத்துடன் நிறுத்துகிறேன்.

கிளெனிஸ்


அல்வர்ஸ்டன்
ஜூலை 1

அன்புள்ள தம்பி ரெக்ஸ்,

அத்தானுக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உறையின் மேல் அவர் பெயரைப் பார்த்தும், நான்தான் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் படித்தார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்தார். "உருப்படியாக ஒரு வேலை தெரியாதவனுக்கு எங்கப்பா பைப்தான் கிடைத்ததா, எனக்கு அனுப்பவே வேண்டாம், கடலில் போடுங்கள்" என்று எழுதியிருந்தாய். நான் திட்டுகிற அதே வார்த்தைகள். நம் இரண்டு பேருக்கும் வாய் அப்பாவிடமிருந்து வந்ததுதானே.

"சரியாத்தான் எழுதியிருக்கான் மச்சான்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பைப்புகள், உப்புத்தாள், மெழுகு, முறிந்தது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, பழைய சாமான் வாங்கி விற்கிற தர்மக் கடையில் கொடுக்க காரில் ஏற்றிவிட்டார். என் ஃப்ரீசரில் இப்போது பட்டாணி மட்டும்தான் இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்? திறந்து பார்த்தால் அழுகை வருகிறது.

ரெக்ஸ், நான் உனக்குப் பொய் எழுதினேன்.

அப்பாவின் பைப்பைத் தொடாதீர்கள் என்று அவரிடம் நான் நூறு தடவை சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உன் முதல் கடிதத்தை அவருக்குக் காட்டவே இல்லை, பாத்திரம் துடைக்கிற துணிகளுக்கு அடியில் இழுப்பறையில் செருகிவிட்டேன். மே மாதக் கடைசியில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டார், "ஏம்மா, மச்சானுக்கு அனுப்புறதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் சரி பண்ணட்டுமா? அவன் ஏதாவது சொல்லியிருக்கானா?" என்று. முறையாகக் கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல், "ஒன்னும் சொல்லல, உங்க இஷ்டம்" என்றேன்.

தெரிந்துதான் சொன்னேன். அந்த அடிக்கோடு இரண்டும் என் கண் முன்னால் நிற்கத்தான் செய்தன. ஏன் சொன்னேன் என்றால், கடைசி மாதம் வாசலில் எந்தக் கார் நின்றாலும் அப்பா கேட்பார், "ரெக்ஸ் வந்துட்டானா?" என்று. அவருக்கு ஊட்டுகிற கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். கிளெனிஸ் இருக்காளா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, நான்தான் எப்போதும் இருந்தேனே. அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க ஆள் குறைந்து, டெஸ்ஸி வந்து கை கொடுத்தார். அதற்கப்புறம் உன் கடிதம் வருகிறது, துடைக்காதே, கழுவாதே என்று. எனக்குப் பற்றி எரிந்தது. அவ்வளவுதான் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை கார் சாவியை ஒளித்து வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன். உன் அக்காவைக் கேட்டுத்தான் செய்தேன் என்று மச்சானுக்கு ஒரு வரி எழுதினால் என்ன, ஏன் எழுதவில்லை, என்னிடமாவது ஏன் சொல்லிக் காட்டவில்லை என்று. பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சொன்னா என்ன ஆகப்போகுது? என்னை அவன் திட்டினா ஒரு வாரத்துல மறந்துடும். அவனுக்கு இருக்கிறது ஒரே அக்கா."

இந்த மனுஷனைத்தான் முப்பத்தெட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு பைப்பை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். தண்டின் இடது பக்கம் கட்டைவிரல் நகம் பட்டதும், அத்தான் அடைத்த கருப்புப் பசை ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி அப்படியே பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அடைப்பதற்கு முன் அந்த இடத்தில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைக்க மறந்துவிட்டாராம். எப்போதும் போல அரைகுறை. இந்த ஒரு தடவை அதற்காக அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பயந்துபோய்விட்டார்.

பசைக்கு அடியில் ஒரு ஓட்டை. ஆப்பிள் விதை ஒன்று நுழையும். மற்ற பல் தடங்களெல்லாம் சூட்டில் எழும்பிவிட்டன, இது எழும்பாது, பல் தண்டைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கமே போயிருக்கிறது. இதை நீ பார்த்திருக்கமாட்டாய். லாரி டியூப் ரப்பரை அப்பா மாட்டினதே இதை மறைக்கத்தான்.

அந்த ஓட்டை விழுந்தபோது உனக்கு இருபது வயது. லாரி ஓட்டமாட்டேன், உருளைக்கிழங்கு மூட்டை தூக்கமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு டெவன்போர்ட்டில் கப்பல் ஏறினாய். அப்பா கை ஆட்டவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் நீ சொல்லிக் காட்டுகிறாய். ஆமாம், ஆட்டவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். கப்பல் நகரும்போது படக்கென்று ஒரு சத்தம் கேட்டது, காலுக்குக் கீழே கல் ஏதோ நொறுங்கியது என்று நினைத்தேன். அப்பா வாயிலிருந்து பைப்பை எடுத்துப் பார்த்தார். உதட்டில் ரத்தம். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றோம். மறுநாள் டியூபில் ஒரு துண்டை வெட்டி மாட்டிக்கொண்டார். லான்செஸ்டனில் பைப் விற்கிற கடைக்காரர் புதுத் தண்டு போட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை, இதுவே போதும் என்றுவிட்டார்.

அப்பா சொன்ன பேச்சு எதையும் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் நாற்பது வருடம் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரிந்தால் அப்பாவின் பாசத்தில் என் பங்கு குறைந்துவிடும் என்று பயந்ததுதான் நிஜம்.

அதனால் பைப்பைக் கடலிலும் போடமாட்டேன், தபாலிலும் அனுப்பமாட்டேன். வாசனை போய்விட்டது, அது நான் செய்த பாவம், அதற்கு நீ என்னைத் திட்டு, நேரில் வந்து திட்டு. அந்த ஓட்டை உன்னுடையது. ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், யாரும் தொடமாட்டார்கள். பெட்டியை காரிலிருந்து நானே இறக்கிவிட்டேன், நேற்று மறுபடியும் துவைக்கிற அறையில் கூமுட்டை நாற்றம். அத்தான் உன்னைப் பார்த்ததும் பைப் கதை ஆரம்பிப்பார், கொஞ்சம் பொறுத்துக்கொள், அந்த முயல் பொறிகளையும் காட்டுவார்.

மார்ச்சில் சாலை மூடியிருந்ததா இல்லையா என்று இனி நான் கேட்கமாட்டேன். கப்பலில் வா. டெவன்போர்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம், தூரத்தில் தெரியும்போதே கை ஆட்டுவேன்.

நீ வருகிற வழியெல்லாம் திறந்திருக்கட்டும்.

உன் அக்கா,
கிளெனிஸ்